எபனேசர் டாக்டர் வீட்டு மருந்துக் குடுவை

வாய்வரை வந்துவிட்ட சொல்லை ஒரு செம்புக் குடுவைக்குள் இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்பது சோலைமட்டத்தில் எல்லாருக்கும் பழகிப்போயிருந்த காலம் அது. தேயிலை ஃபாக்டரியில் சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறுகிற மாதிரி, மழை வலுத்தால் மலைரயில் நின்றுவிடுகிற மாதிரி, அதுவும் ஊர் நடப்புகளில் ஒன்றாக இருந்தது. கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி வந்த போஸ்ட் மாஸ்டர் ஒருவர்தான் வந்த புதிதில் "அது எப்படிங்க முடியும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு அவர் சம்சாரத்தின் அண்ணன் வந்து தங்கிவிட்டுப் போன மறுநாள் காலையில் அவரும் குல்லாவைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்.

குடுவை பல் டாக்டர் எபனேசருடையது. அவர் நாசரேத் பக்கத்துக்காரர், படித்து முடித்த கையோடு மலைக்கு வந்து, சர்ச்சுக்குக் கீழே உள்ள ஓட்டு வீட்டில் முன்னறையை ஆஸ்பத்திரியாகவும் பின்கட்டைக் குடித்தனமாகவும் வைத்துக்கொண்டவர். அவர் மனைவி சுகிர்தம் டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டர், சோலைமட்டத்திலிருந்து வெளியூருக்கு யார் பேசினாலும் அவள் கைவழியாகத்தான் பேச வேண்டும். அவர்களுக்கு ஜெனிட்டா என்று ஒரு மகள் இருந்தாள்.

டாக்டருக்கு ஒரே ஒரு பைத்தியம், பழைய துப்பாக்கிகள். அதிலும், தோட்டா என்று ஒன்று வருவதற்கு முன்னால், வெடிமருந்தைத் தனியாக அளந்து கொட்டி, ஈயக் குண்டைத் தனியாக இடித்து, பின்பக்கம் கேப் என்கிற சின்னச் செம்பு வெடிமூடியைச் செருகிச் சுடுவார்களே, அந்தக் காலத்து ரிவால்வர்கள். துரைமார்கள் அதை மரப்பெட்டியோடு வாங்குவார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சைக் கம்பளித்துணி, அதில் துப்பாக்கிக்கு ஒரு பள்ளம், குண்டு வார்க்கும் அச்சுக்கு ஒரு பள்ளம், கேப் டப்பிக்கு ஒரு பள்ளம், மருந்துக் குடுவைக்கு ஒரு பள்ளம் என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் குழந்தைபோலப் படுத்திருக்கும். பல்லைக் காட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம் அவர் இதையெல்லாம் விளக்குவார், வாயில் பஞ்சு இருப்பதால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

அப்படி ஒரு பெட்டி மைசூரில் ஒரு பழைய பங்களா ஏலத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு அவர் காரை எடுத்துக்கொண்டு போன அன்று ஜெனிட்டாவுக்கு லேசான காய்ச்சல் இருந்தது. அவர் போனபின் காய்ச்சல் ஏறியது, மழையும் ஏறியது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோக ஊரில் வேறு வண்டி இல்லை, இருந்த ஒரே பஸ்ஸும் மண் சரிந்து வளைவில் நின்றுவிட்டது. டாக்டர் பெட்டியை மடியில் வைத்ததுபோல் பக்கத்து சீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு மறுநாள் வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது, தெருவில் நின்றவர்கள் எல்லாரும் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள். அவர் எந்த வீட்டில் துக்கம் என்று கேட்டார்.

அதைப்பற்றி சுகிர்தம் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சோறு போட்டாள், சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டாள், எக்சேஞ்சுக்குப் போனாள், வந்தாள். கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பார். அவள் எதுவும் கேட்காததால் அவர் எதுவும் சொல்லவில்லை, அப்படியே வருஷங்கள் போயின.

அந்த மைசூர்ப் பெட்டியில் எல்லாம் இருந்தது, மருந்துக் குடுவை மட்டும் இல்லை. அதன் பள்ளம் காலியாக இருந்தது. அவர் சேகரிப்பதை விட்டுவிடுவார் என்று ஊர் நினைத்தது, ஆனால் அவர் முன்னைவிட வெறியாகத் தேடினார், ஏனென்றால் நிறுத்திவிட்டால் அன்றைக்கு அவர் போனது ஒன்றுமில்லாததற்காகப் போனது என்று ஆகிவிடும். ஊட்டி, கூர்க், மதராஸ் என்று எங்கெங்கிருந்தோ குடுவைகள் வந்தன. முயல் தொங்குவது, மான்தலை, சிப்பி வரி, இலைக்கொத்து, வேட்டைநாய் இரண்டு பாய்வது என்று ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சித்திரம் இருந்தது. எதுவும் அந்தப் பள்ளத்தில் பொருந்தவில்லை. பொருந்தாதவற்றை அவர் ஆஸ்பத்திரிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார், சுவர் நிறைந்துகொண்டே போனது.

கடைசியில் அது காயலான் கடை சிக்கந்தர் பாயிடம்தான் வந்தது. ஏதோ எஸ்டேட்டில் கழித்துப் போட்ட பித்தளைச் சாமான்களோடு கிடந்ததாம். "டாக்டர், இது உங்க சாமான் மாதிரி இருக்குது, பாருங்க," என்று சிக்கந்தர் கொண்டுவந்து கொடுத்தார். செம்பு உடம்பு, பித்தளை மூக்கு, கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு வெடிக்கு ஆகும் மருந்தை மட்டும் அளந்து விடுகிற விசை, வயிற்றில் எந்தச் சித்திரமும் இல்லை. டாக்டர் பெட்டியைத் திறந்து அதைப் பள்ளத்தில் வைத்தார். கையை எடுப்பதற்குள் அது தானாக உட்கார்ந்துகொண்டது. இப்படி ஒன்றுக்காகவா அன்றைக்குப் போனோம் என்று நினைத்தார், பிறகு குடுவையை வெளியே எடுத்து, கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று நோயாளிகள் உட்காரும் இடத்தில் பழைய பத்திரிகைகளுக்கு நடுவே போட்டுவிட்டார்.

பேக்கரி போஜன் கடைவாய்ப் பல் வீங்கி வந்து அங்கே உட்கார்ந்திருந்தான். அண்ணனோடு வேலித் தகராறு. அண்ணனைப் பார்த்துச் சொல்ல வேண்டியது தொண்டையில் நிற்கிறது, வாயைத் திறந்தால் பல் உயிர் போகிறது. கைக்குக் கிடைத்த குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், அதன் மூக்கில் வாயை வைத்து, சொல்ல வேண்டியதையெல்லாம் முணுமுணுத்தான். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனபோது எதிரே வந்த அண்ணனைப் பார்த்து, "டீ சாப்பிடலாமா அண்ணா?" என்று கேட்டான். சாயங்காலம் ஆஸ்பத்திரியைச் சாத்தும்போது டாக்டர் சும்மா விசையை அழுத்திப் பார்த்தார். நூறு வருஷமாகக் காய்ந்துகிடந்த குடுவையிலிருந்து ஒரு வெடிக்கு ஆகும் கருமருந்து, புத்தம் புதிதாக, அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அதன்பின் ஊர் வரத் தொடங்கியது. மாமியாரும் மருமகளும் ஒரே ஜீப்பில் வந்து, ஒருத்தி உள்ளே பேசும்போது மற்றவள் குழந்தையை வைத்துக்கொண்டு, பேசி முடித்ததும் இரண்டு பேரும் வர்க்கி வாங்கித் தின்றுகொண்டே திரும்பிப் போனார்கள். ஃபாக்டரி மேனேஜரும் யூனியன் செயலாளரும் போனஸ் பேச்சுக்கு முன்னால் வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போனால், "முதல்ல டாக்டர் வீட்டுக்குப் போயிட்டு வாங்க, அப்பவும் இருந்தா எழுதிக்கலாம்," என்றார்கள். ஆண்டவரிடம் சொல்ல வேண்டியதைச் செம்புக்கிட்டே சொல்கிறார்கள் என்று பிரசங்கம் செய்த பாஸ்டர், பாடகர் குழுவைப்பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொள்ள ஒருநாள் மதிய வேளையில் வந்தார். தேர்தல் கூட்டத்தில் கல்லெறிய ஆள் இல்லை, கூச்சல் போட ஆள் இல்லை, பேச வந்தவர் பாதியில் என்ன பேசுவதென்று தெரியாமல் இறங்கிப் போனார்.

மருந்து சேரச் சேர, டாக்டர் சுவரிலிருந்த குடுவைகளை இறக்கி, அவரவர் மருந்தைத் தனித்தனியாக நிரப்பித் தன்னிடமே வைத்துக்கொண்டார். முயல் தொங்கும் குடுவை பேக்கரிக் குடும்பத்துக்கு, மான்தலை யூனியனுக்கு, சிப்பி வரி அந்த மாமியாருக்கு, இலைக்கொத்து மருமகளுக்கு. பொருந்தாத குடுவைகளுக்கெல்லாம் ஒரு வேலை வந்ததில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

ஒருநாள் காலையில், ஆஸ்பத்திரியைத் திறக்கும் முன்பே குடுவை கனத்தது. கொட்டிப் பார்த்தார். மற்றவர்களுடையதைவிடப் பொடி நைஸாக, எறும்புக் கண்போல மினுங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் இருப்பவர்கள் இரண்டே பேர். அவர் ஒன்றும் கேட்காமல், இருந்ததிலேயே நல்ல குடுவையை, தோல் போர்த்து வெள்ளி மூக்கு வைத்ததை எடுத்து, அதில் நிரப்பி, தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாளும் கனத்தது. அதற்கு மறுநாளும்.

சுகிர்தத்தின் முகம் தெளிந்தது. அடுப்படியில் நின்று ஞானப்பாட்டு முனகினாள். எக்சேஞ்சில் அவள் குரலில் சிரிப்பு இருப்பதாகக் கோயமுத்தூர் ஆபரேட்டர்கள்கூடச் சொன்னார்கள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "ஏன் இப்படி இளைச்சுப் போய்ட்டிய? நல்லா சாப்பிடுங்க," என்று டாக்டரின் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்தாள். அவர் அந்த மீனைத் தின்ன முடியாமல் தின்றார். மன்னிப்பு என்பது இப்படித்தான் வரும் போலிருக்கிறது, சத்தமில்லாமல், மீன் குழம்போடு என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போகும்போது, தெருவில் ஜெனிட்டாவின் நீலக் கவுன் நடந்துவந்தது. எக்சேஞ்சில் பெருக்குகிற அம்மாவின் மகள் போட்டிருந்தாள். சுகிர்தம் குனிந்து அந்தப் பிள்ளையின் காலரைச் சரிசெய்தாள். "பெட்டியில சும்மா கெடந்துது, யாரோடதுன்னு தெரியல. இதுக்கு அளவா இருக்கு, பாத்தியளா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைத் துணியால் துடைத்தபடி, சாதாரணமாகக் கேட்டாள்.

"இந்தப் பிள்ள யாரு? நல்ல லட்சணமா இருக்கு. உங்க தங்கச்சி மவளா?"



"ஆமா," என்றார் டாக்டர்.

போஜன் வீட்டிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. வேலித் தகராறு போனதோடு, அந்த வேலியை நட்டுப் பிரித்துக் கொடுத்த அப்பாவும் அவன் நினைவிலிருந்து போயிருந்தார். அப்பா படத்தைப் பார்த்து, யார் இந்தப் பெரியவர் என்று போஜன் கேட்டதும் அவன் மனைவி மாதி நேராக டாக்டரிடம் வந்து முயல் குடுவையை வாங்கிக்கொண்டு போனாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை, பேக்கரி அடுப்பில் அப்படியே கொட்டினாள். குப்பென்று வெள்ளைப் புகை எழுந்து புகைபோக்கி வழியாக வெளியே வந்து, போஜனின் குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி அவன் அண்ணனைத் திட்டியது. கல்லாவில் உட்கார்ந்திருந்த போஜன், "அப்பா!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மாவு மூட்டைமேல் சாய்ந்து அழுதான். அடுத்த வாரமே அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனார்கள். ஆனால் அப்பாவின் சமாதிக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள்.

சிக்கந்தர் கடைக்குப் போய் டாக்டர் பழைய டயர்மேல் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார்.

"விட்டுருங்க டாக்டர்," என்றார் சிக்கந்தர். "அம்மா இப்பத்தான் சிரிக்கிறாங்க. அதைக் கொளுத்தினா அவங்களும் எரிவாங்க, நீங்களும் எரிவீங்க."

"தெரியும் பாய்."

"அப்புறம் என்ன?"

"ஜெனிய நினைக்க ரெண்டு பேர் இருந்தோம். இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கேன். எனக்கு அவளைச் சரியாத் தெரியாது பாய். நான் ஆஸ்பத்திரியில இருந்தேன், இல்லைன்னா ஏலத்துல இருந்தேன். அவளைத் தெரிஞ்சது சுகிர்தத்துக்குத்தான்."



அன்று மதியம் டாக்டர் தோல் குடுவையை மேஜைமேல் வைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"உன்னோட பொருள் கொஞ்சம் என்கிட்ட இருக்கு. திருப்பி வாங்கிக்கிறியா?"

"என்ன பொருளு?"

"வாங்கினா நீ அழுவே. என்னை வெறுப்பே. வாங்காட்டி இப்படியே இருக்கலாம்."

சுகிர்தம் குடுவையைக் கையில் எடுத்துப் பார்த்தாள், காதருகே வைத்து ஆட்டினாள், திருப்பி வைத்தாள்.

"எனக்குள்ளதுதானே?"

"உனக்குள்ளதுதான்."

"அப்ப குடுங்க."

மொத்தமாகக் கொளுத்த அவருக்குத் தைரியம் இல்லை. தினமும் காலையில், கொல்லையில் துவைக்கிற கல்லின்மேல், விசையை ஒருமுறை அழுத்தி ஓர் அளவு மட்டும் விட்டு, தீக்குச்சியை வைத்தார். சுகிர்தம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு எதிரே நின்றாள். பளிச்சென்று ஒரு வெளிச்சம், கந்தக வாடை, வெள்ளைப் புகை, அதற்குள்ளிருந்து அவளுடைய குரல். முதல் நாள் ஊர் சரிவில் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. இரண்டாம் நாள் யாரும் வரவில்லை, அந்த நேரத்தில் அவரவர் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள், ஃபாக்டரிகூடக் கொஞ்சம் தாமதமாகச் சங்கு ஊதியது.

கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வந்தது. புகை சின்னச் சின்னக் கோபங்களைத்தான் முதலில் சொன்னது. சாவு வீட்டில் அவர் ஏன் ஷூவைக் கழற்றவில்லை, ஏன் அந்தப் பெட்டியைக் காரிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுவந்தார், எப்படி அவருக்கு அந்த வாரமே பல் பிடுங்க முடிந்தது. ஒவ்வொரு கோபத்தோடும் பிள்ளையில் ஒரு துண்டு சேர்ந்து வந்தது. ஒருநாள் சுகிர்தம் கல்லருகே நின்றபடியே, "அவளுக்கு முன்பல்லு ஆடிட்டிருந்துது," என்றாள். ஒருநாள், "முருங்கக்காயைத் துப்பித் துப்பி வைப்பா," என்றாள். ஒருநாள் நேராக உள்ளே போய், போட்டோவை இறக்கி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டாள். நினைவில் பிள்ளை வளர வளர அவள் டாக்டரைப் பார்ப்பது குறைந்தது. தட்டில் மீன் வைப்பது நின்றது. பிறகு தட்டு வைப்பதும் நின்றது. அவரே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் மறுபடி தீக்குச்சியை எடுத்தார்.

நடுவில் ஒருநாள் புகை, "மைசூர்ல இருக்கற எல்லா நம்பரையும் போட்டேன். ஊருக்கெல்லாம் லைன் குடுத்தவ நான். ஏலக்கடை போன் அடிச்சிக்கிட்டே இருக்கு, எடுக்க ஆளில்ல. எடுக்க ஆளில்லயே," என்று கத்தியது. டாக்டருக்கு அந்த மணிச்சத்தம் நினைவிருந்தது. ஏலக்காரர் சுத்தியலை ஓங்கியிருந்தார், பின்னறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது, யாராவது அதை நிறுத்தினால் தேவலை என்று அவர் நினைத்திருந்தார்.

குடுவையில் ஓர் அளவுதான் மிச்சம். அவள் முதன்முதலில் உள்ளே விட்டது அது, எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. டாக்டர் அதைக் கல்லில் கொட்டிவிட்டுத் தயங்கினார். "கொளுத்துங்க," என்றாள் சுகிர்தம். கொளுத்தினார். புகை இந்த முறை கத்தவில்லை, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகப் பேசியது.

"அப்பா வண்டி சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இல்லன்னு சொன்னா கண்ண மூட மாட்டேங்கா. கேக்குது மக்கா, கீழ வளைவுல வந்துட்டாவன்னு பொய் சொன்னேன். அப்படியான்னு சிரிச்சா. அதுக்கப்புறம் கேக்கல."

புகை கலையும்வரை இருவரும் நின்றார்கள். என்மேல் உள்ள கோபத்தில்தான் இவள் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று டாக்டர் எண்ணியிருந்தார். அவள் அந்த ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டுதான் சோறு போட்டிருக்கிறாள், சட்டைக்குப் பெட்டி போட்டிருக்கிறாள்.

"இப்ப சொல்லுங்க," என்றாள் அவள். "அந்நேரம் எங்க இருந்திய?"

டாக்டர் சொன்னார். எந்த இடத்தில் நின்றார், யார் பக்கத்தில் இருந்தார்கள், போன் அடித்தது, தான் திரும்பிப் பார்க்காதது, பெட்டி கைக்கு வந்தபோது பட்ட சந்தோஷம், திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடையில் நின்று அதைத் திறந்து பார்த்தது, எல்லாவற்றையும், எதையும் விடாமல் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு உள்ளே போய்த் துணிகளை எடுத்து வைத்தாள்.

நாசரேத்துக்கு அவள் அக்கா வீட்டுக்குப் போகிறாள் என்று ஊருக்குத் தெரிந்தது. சிலர் அவரவர் குடுவையை வாங்கிக்கொண்டு போய் வீட்டுக் கொல்லையில் கல் தேடினார்கள். பலர் வாங்க வரவேயில்லை, டாக்டர் வீட்டு வழியாக நடப்பதையும் விட்டுவிட்டார்கள். சித்திரமில்லாத அந்தக் குடுவையை சிக்கந்தர் எடுத்துப்போய் உலையில் போட்டு உருக்கினார், அது மற்றச் செம்பைப்போலத்தான் உருகியது.

பஸ் ஸ்டாண்டுக்கு டாக்டர்தான் அவள் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சுகிர்தம் போட்டோவைச் சேலைக்குள் வைத்திருந்தாள். பஸ் வர நேரமிருந்தது, சிமெண்ட் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். இருந்துவிடு என்று அவர் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. ஆனால் பேசினார்கள். ஜெனிட்டா முதலில் சொன்ன வார்த்தை எது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இருந்தது. அவளுக்கு யார் மூக்கு என்பதிலும் இருந்தது. தேயிலைக் கூடையோடு நின்ற பெண்கள் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்ததும் சுகிர்தம் கீழே நின்றவரைப் பார்த்தாள்.

"இருந்திருந்தா இப்ப எத்தன வயசு?"

"இருபத்திரெண்டு."

"கல்யாணம் பண்ணி வச்சிருப்போம்."

"நல்ல இடமாப் பாத்திருப்போம்," என்றார் டாக்டர்.

"ரொம்ப தூரத்துல குடுத்திருக்க மாட்டோம்," என்றாள் அவள்.

"மாட்டோம்," என்றார் அவர். கண்டக்டர் விசில் கொடுத்தார்.